அடுப்படிச் சொற்கள்: ஒரு சிறு அகராதி

சோறு, தயிர், கறி என்று கட்டுரையில் தயங்காமல் எழுதுகிறோம். ஆணம், சஹன் என்று எழுத வந்தால் மட்டும் பேனை நின்றுவிடுகிறது. அவை வீட்டுப்பேச்சு, நல்ல தமிழல்ல என்ற எண்ணமே காரணம். அந்த எண்ணம் சரியா? கல்முனைப் பகுதி அடுப்படிகளில் வழங்கும் சில சொற்களின் பொருளையும் பிறப்பையும் பார்ப்போம்.

ஆணம்: குழம்பு. தேங்காய்ப்பாலில் காய்ச்சினால் பாலாணம். புளி கரைத்துக் காய்ச்சினால் புளியாணம். இது வேற்றுமொழிச் சொல்லன்று. தமிழ் அகராதிகளில் இடம்பெற்ற பழைய சொல். காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம்களும் இதையே வழங்குகின்றனர்.

சஹன்: பலர் சுற்றியிருந்து ஒன்றாக உண்ணும் பெரிய தட்டு. தட்டு என்று பொருள்படும் அறபுச் சொல்.

கந்தூரி: பள்ளிவாசல்களில் சமைத்துப் பகிரும் பொது உணவு. பாரசீகத்தில் இது உணவு பரிமாற விரிக்கும் துணியைக் குறித்தது. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்ற விழாவை அறிந்தோருக்கு இச்சொல் புதிதல்ல.

குசினி, பாண்: சமையலறையும் ரொட்டியும். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை. சொறிக்கல்முனையில் வாழும் தமிழ் அயலவருக்கும் எமக்கும் பாண் பாண்தான்.

கோப்பி: தமிழ்நாட்டில் காப்பி. எமது 'கோ' ஒல்லாந்தரின் ஒலி. அவர்கள் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது 1638இல்.

சம்பல், தொதல்: மலாய்ச் சொற்கள். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலிய தீவுகளிலிருந்து வந்த போர்வீரரும் நாடுகடத்தப்பட்டோரும் தம் சமையலையும் கொண்டுவந்தனர். பெருநாள் வட்டிலப்பமும் அவர்கள் வழியே எமக்குக் கிடைத்தது.

மாசி: அவித்து, புகையூட்டி, காயவைத்த சூரைமீன். மாலைதீவு மொழியில் 'மஸ்' என்றால் மீன்.

சர்க்கரை: இங்கே பனை, தென்னை, கித்துள், கரும்பு ஆகியவற்றின் சாற்றைக் காய்ச்சி எடுப்பது. வெள்ளையானது சீனி. சென்னையிலோ சர்க்கரை என்றாலே வெள்ளைச் சீனி. எமது சர்க்கரைக்கு அங்கு வெல்லம், கருப்பட்டி என்று பெயர். இது தெரியாமல் சென்னைச் சமையற்குறிப்பைப் பார்த்துச் செய்தால் பண்டத்தின் நிறமும் சுவையும் மாறிவிடும்.

இப்பட்டியல் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. தமிழல்ல என்று நாம் ஒதுக்கும் ஆணம் தமிழ்ச்சொல். தமிழ் என்று எண்ணி எழுதும் பாண் போர்த்துக்கேயச் சொல். ஆகவே கூச்சப்பட எதுவுமில்லை. கடல்வழி வந்தவற்றைத் தமிழ் ஏற்றுக்கொண்டது. கறியையும் கஞ்சியையும் ஆங்கிலத்துக்குக் கொடுத்தது. வாங்கியும் கொடுத்துமே மொழி வளர்கிறது.

ஆனால் பொருள் போனால் சொல்லும் போய்விடும். உறியை இன்று எத்தனை வீட்டில் காணலாம்? சுளகும் அகப்பையும் மெல்ல மறைகின்றன. அவற்றின் பெயர்கள் மூத்தம்மாமாரின் நாவில் மட்டுமே மிஞ்சியுள்ளன.

மாணவியரே, இந்த விடுமுறையில் ஆளுக்குப் பத்துச் சொற்கள் கேட்டெழுதுங்கள். சொல், பொருள், அதை வழங்கும் ஒரு வசனம், சொன்னவரின் ஊர் ஆகிய நான்கும் போதும். பெற்றோரே, பிள்ளை கேட்கும்போது 'அது பழைய பேச்சு' என்று தட்டிக்கழிக்காமல் சொல்லிக்கொடுங்கள். ஒரு வகுப்பு மனம் வைத்தால் இச்சிறு பட்டியல் எமது ஊர்களின் முழு அகராதியாக விரியும், இன்ஷா அல்லாஹ்.