அயல்மண்ணில் மருத்துவம்

1948ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 5ஆம் நாள் பிரித்தானியாவில் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கப்பட்டது. வரிப்பணத்தைக் கொண்டு அனைவர்க்கும் மருத்துவம் அளிப்பது அதன் நோக்கம். அவ்வுரிமை அயல்நாட்டார்க்கும் உண்டா என்னும் வினா விரைவிலேயே எழுந்தது. அயலாரைப் பிரித்தறிய முயன்றால் உள்நாட்டாரும் எங்கும் அடையாளச் சான்றுடன் திரிய நேரும் என்று, அச்சேவையை உருவாக்கிய அமைச்சர் அனைரின் பெவன் வாதிட்டார்.

இன்று நிலைமை வேறு. ஆறு திங்களுக்கு மேல் தங்கச் செல்வோர் விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே நலவாழ்வுக் கட்டணம் செலுத்துதல் வேண்டும். 2015இல் ஆண்டுக்கு 200 பவுண்டாகத் தொடங்கிய அக்கட்டணம், 2024 பிப்ரவரி முதல் 1,035 பவுண்டாயிற்று, மாணவர்க்கு 776. தங்கும் காலம் முழுமைக்கும் உரிய தொகையை ஒருசேரக் கட்டிய பின்னர், ஊதியத்தில் வரியும் பிடிக்கப்படும். இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் சென்ற செவிலியர், தாம் இராப்பகலாகத் தாங்கி நின்ற சேவைக்கே இவ்வாறு இருமுறை பணம் கொடுத்தனர். பெருந்தொற்றுக் காலமான 2020இல்தான் அவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. அயலாரைச் சுமை என்போர் இதனை நினைவுகூர்வது அரிது.

பணம் கட்டினால் மட்டும் போதாது. வழியும் தெரிந்திருக்க வேண்டும். அங்குக் குடியேறுபவர் நோய் வருமுன்பே, அருகிலுள்ள குடும்ப மருத்துவரிடம் பெயரைப் பதிந்துகொள்வது நலம். பதிவுக்குக் கட்டணமில்லை. சிறப்பு மருத்துவரை நினைத்தவுடன் சென்று காண இயலாது. பெரும்பாலும் குடும்ப மருத்துவரின் பரிந்துரை தேவை. அவசரமற்ற அறுவை மருத்துவத்திற்குப் பல திங்கள் காத்திருக்கவும் நேரும்.

பிள்ளைகளைக் காணச் சுற்றுலா விசாவில் செல்லும் பெற்றோரின் நிலைதான் இடர் மிக்கது. அவர்கள் நலவாழ்வுக் கட்டணம் செலுத்துவதில்லை. திடீரென நெஞ்சுவலி வந்தால், அவசரப் பிரிவில் பார்ப்பதற்குப் பணம் கேட்கமாட்டார்கள். ஆனால், உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்ட நொடி முதல் கட்டணம் ஏறத் தொடங்கும். இங்கிலாந்தில் அது வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு. பயணக் காப்பீடு எடுக்காத குடும்பம் அதனை அடைக்க ஊரில் நிலத்தை விற்க வேண்டியும் வரலாம்.

காசநோய்க்கோ கணக்கு வேறு. விசா இருப்பினும் இல்லாவிடினும், அந்நோய்க்கான மருத்துவத்திற்கு எவரிடமும் கட்டணம் பெறுவதில்லை. ஒருவரது இருமலைக் கவனியாது விட்டால், அது பேருந்தில் அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவரையும் சென்று சேரும் என்பதை அந்நாட்டுச் சட்டம் அறிந்திருக்கிறது.