சோலாருக்கு முன்னால் ஈபி பில்லைப் பாருங்கள்

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் யாராவது, ‘சோலார் போட்டால் வரியில் 30 சதவீதம் கழிச்சுக்கலாம்’ என்று சொல்லியிருப்பார். அங்கேயே அந்தச் சலுகை 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. நம் வருமான வரியில் வீட்டு சோலாருக்கென்று தனிக் கழிவு கிடையாது. இங்கே இருப்பது மானியமும், 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமான ஜி.எஸ்.டி.யும்தான்.

பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். விற்பவர்கள் மூன்றில் வந்து நிற்பது அதனால்தான். உங்களுக்கு மூன்று வேண்டுமா என்பதை ஈபி பில் சொல்லும்.

ஒரு கிலோவாட் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 240 யூனிட் தரும். பென்னாகரம் பக்கம் 200 யூனிட் ஓடும் வீட்டுக்கு, 2024 ஜூலை கட்டணப்படி பில்லே 235 ரூபாய்தான். அந்த வீட்டுக்கு சோலார் வேண்டாம் என்பேன், மானியம் கொடுத்தாலும். இலக்கியம்பட்டியில் ஏசியோடு 600 யூனிட் ஓட்டி 2,900 ரூபாய் கட்டுகிறவருக்கு 2 கிலோவாட் போதும். மானியம் போகக் கைக்காசு 70,000 ஆனால், நாலைந்து வருடத்தில் முதல் திரும்பும்.

550, 560 யூனிட்காரர்கள் முதலில் ஃபேனை மாற்றுங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 30 வாட். மூன்று ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 97 யூனிட் மிச்சம். 500-ஐத் தாண்டினால் அந்த மேல் யூனிட் 8 ரூபாய்க்கு மேல் போவது மட்டுமல்ல, 101 முதல் 200 வரை இருக்கும் சலுகை விலையும் போய்விடும். அந்த 97 யூனிட் குறைந்து 500-க்குக் கீழே இறங்கினால் பில்லில் ஆயிரம் ரூபாய் அளவுக்குக் குறையும். இதற்கு எந்த மானியமும் இல்லை, விண்ணப்பமும் இல்லை.

சோலார்தான் என்று முடிவானால், மின் இணைப்பு யார் பெயரில் என்று பாருங்கள். நம் பக்கம் பாதி வீடுகளில் காலமான தாத்தா பெயரில்தான் இருக்கும். பெயர் மாற்றம் முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். மானியம் வேலை முடிந்த பிறகே வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகைக்கும் பணம் தயாராக இருக்கட்டும். பேனலைக் கழுவ போர் தண்ணீர் வேண்டாம். நம் ஊர் உப்புத் தண்ணீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரை அதிகாலையில் ஊற்றித் துடைத்தால் போதும்.