உப்புக் காற்றில் பூக்கும் செடிகள்

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலோரமாகப் போயிருக்கிறீர்களா? வழியெங்கும் உல்லாச விடுதிகள். பலவற்றில் நீச்சல் குளங்கள். குளத்தைச் சுற்றிப் பூச்செடி வைக்கவேண்டும். ஆனால் மண்ணோ வெறும் மணல், காற்றிலோ உப்பு. ரோஜாவை நட்டால் நாள்தோறும் தண்ணீர் ஊற்றியே மாளாது!

ஊற்றினால் என்ன என்று கேட்பீர்கள். இங்கே மணலடியில் இருக்கும் நன்னீர் மழை தந்தது. உப்புநீரைவிட எடை குறைந்ததால் அது கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருக்கும் உப்புநீர் 40 மீட்டர் மேலேறும்! பக்கத்து ஊர்க் கிணறும் கரித்துப்போகும். மாமல்லபுரத்துக்கு அருகே நெம்மேலியில் 2013 முதல் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். நன்னீரின் அருமை அப்படி.

ஆகவே, தாகம் குறைந்த செடிகளே இங்கு ஏற்றவை. அரளியை எடுத்துக்கொள்வோம். அதன் இலை தோல்போல் தடித்தது. மேலே மெழுகுப் பூச்சு. இலைத்துளைகள் வெளிப்படையாக இல்லாமல், அடிப்பக்கத்தில் மயிர் அடர்ந்த சிறு குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. குழிக்குள் காற்று அசைவதில்லை. ஈரம் எளிதில் வெளியேறாது. வறண்ட காற்றுக்கு எத்தனை நல்ல ஏற்பாடு! ஆனால் அரளி முழுவதும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. குழந்தைகள் விளையாடும் குளக்கரையில் அதற்கு இடமில்லை. எட்டாத மதிலோரமே சரி; வெட்டிய கிளைகளை எரிக்கவும் கூடாது, புகையும் நஞ்சு.

காகிதப்பூவும் வறட்சி தாங்கும். (அதன் வண்ண 'இதழ்கள்' உண்மையில் பூவடிச் செதில்கள், நடுவிலுள்ள சின்ன வெள்ளைக் குழலே பூ.) எனினும் முள் உண்டு, உதிரும் செதில்கள் காற்றில் பறந்து வடிகட்டியை அடைக்கும். இதுவும் தள்ளியே இருக்கட்டும்.

குளத்தருகே வைக்க நித்தியகல்யாணியைத்தான் நான் சொல்வேன். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்து, நம் ஊரில் சுவர் வெடிப்பில்கூட முளைக்கிறது. ஆண்டு முழுவதும் பூக்கும், ஆடு தொடாது. இரத்தப் புற்றுநோய்க்குரிய வின்கிரிஸ்டின் மருந்து இதிலிருந்துதான் கிடைத்தது. ஆனால் இலையை மென்று பார்க்காதீர்கள், அதுவும் நச்சே.

வெளியே கடற்கரை மணலில் யாரும் நடாமலே படர்வது அடம்பங்கொடி. சங்கப் புலவர்கள் அடும்பு என்றது இதைத்தான். இலை ஆட்டுக் குளம்புபோல் பிளந்திருக்கும். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துவைக்கும். ஊதாப் பூவைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், பிற்பகலில் வாடிவிடும்.

ஒரு சோதனை: ஒரே அளவுள்ள இரு தொட்டிகளில் நித்தியகல்யாணியையும் காசித்தும்பையையும் வளருங்கள். நன்கு வேர் பிடித்தபின் இரண்டுக்கும் ஒரே நாளில் தண்ணீரை நிறுத்துங்கள். எது எத்தனையாவது நாளில் தலை சாய்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.