விரிசல் விட்ட வாசல் தளம்

உங்கள் வீட்டு வாசலிலோ, கொல்லைப்புறத்திலோ, பள்ளி முற்றத்திலோ போட்டிருக்கும் கான்கிரீட் தளத்தை ஒருமுறை குனிந்து கூர்ந்து பாருங்கள். எங்காவது ஒரு விரிசல் ஓடியிருக்கும். ஏதாவது ஒரு மூலை தாழ்ந்து, மழைநீர் தேங்கிய கறை தெரியும். "இரண்டு கரண்டி சிமெண்டைப் பூசினால் சரியாகிவிடும்" என்பார்கள். பூசியும் விடுவார்கள். அடுத்த கோடைக்குள் அதே இடத்தில் அதே விரிசல் மறுபடி தலைகாட்டும். பூசிய சிமெண்டும் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வரும். ஏன் இப்படி?

இது அழகைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. விரிசலின் ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து நின்றால் போதும், இருட்டில் நடக்கும் பாட்டியின் கால் இடறிவிடும். முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தால் எழுந்து நடப்பது எளிதன்று. பள்ளத்தில் ஒரு வாரம், பத்து நாள் நீர் தேங்கினால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் பெருகிவிடும். ஆகவே இந்தத் தளத்தை முறையாகப் பழுதுபார்ப்பது எப்படி என்று அறிவது நல்லது.

சிமெண்டு காய்வதில்லை!

வெயிலில் வற்றல் காய்வதுபோல் சிமெண்டும் காய்ந்து கெட்டியாகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. 1824-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் தாம் 'போர்ட்லண்ட் சிமெண்டு' என்று பெயரிட்ட பொருளைத் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்துச் சிமெண்டு தயாரிக்கிறார்கள். இதில் உள்ள கால்சியம் சிலிக்கேட்டுகள் நீருடன் வினைபுரிந்து, பசைபோன்ற புதிய சேர்மத்தை உண்டாக்குகின்றன. அதுதான் மணலையும் ஜல்லியையும் கட்டிப் பிடிக்கிறது. நீர் இருக்கும்வரை வினை நடக்கும். நீர் ஆவியாகிவிட்டால் நின்றுவிடும். ஆற்றுக்குள் நிற்கும் பாலத் தூண்கள் நீருக்கடியிலேயே வலுப்பெறுவது இதனால்தான்.

அப்படியானால் கலவையில் நிறைய நீர் ஊற்றலாமா? கூடாது. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றின் வினைக்குச் சுமார் 20 லிட்டர் நீர் போதும். கலவை இளகிக் கையாள வசதியாக இருக்க 25 லிட்டர் வரை சேர்க்கலாம். அதற்கு மேல் ஊற்றும் நீர் பின்னர் ஆவியாகி, தான் இருந்த இடத்தில் நுண்ணிய துளைகளை விட்டுச் செல்லும். துளை மிகுந்தால் வலிமை குறையும்.

விரிசல் எப்படி விழுகிறது?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கான்கிரீட் ஈரத்தை இழக்கும்போது மீட்டருக்குச் சுமார் 0.3 மி.மீ. சுருங்குகிறது. எனவே 5 மீட்டர் நீளமுள்ள தளம் 1.5 மி.மீ. சுருங்க வேண்டும். மேலும், வெப்பநிலை ஒரு டிகிரி குறைந்தால் கான்கிரீட் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 10 பங்கு குறுகும். நண்பகலுக்கும் விடியற்காலைக்கும் தளத்தின் வெப்பநிலை 20 டிகிரி மாறினால், அதே தளம் மேலும் ஒரு மி.மீ. குறுகும்.

ஆனால் அடியிலுள்ள தரையும் ஓரத்துச் சுவர்களும் தளத்தைச் சுருங்கவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே தளம் இழுக்கப்படுகிறது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் வீரன். இழுவிசையைத் தாங்குவதில் கோழை. அமுக்க வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் அதன் இழுவலிமை. பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீட்டினாலே பிளந்துவிடும். 5 மீட்டருக்கு அது வெறும் அரை மி.மீ.! 2.5 மி.மீ. குறுக வேண்டிய தளம் அரை மி.மீ. இழுப்பை மட்டுமே தாங்கும் என்றால், விரிசல் விழுவதில் வியப்பென்ன?

இதனால்தான் பொறியாளர்கள் 10 செ.மீ. கனமுள்ள தளத்தில் இரண்டரை முதல் மூன்று மீட்டருக்கு ஒரு கோடு கீறி வைக்கிறார்கள். கோட்டின் ஆழம் தளத்தின் கனத்தில் கால் பங்கு. விரிசலைத் தடுக்க முடியாது. ஆனால் நாம் சொல்லும் இடத்தில், நேர்கோட்டில் விழச் செய்யலாம்.

முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

மருத்துவர் நாடி பார்த்த பின்தானே மருந்து தருகிறார்? தளத்துக்கும் அப்படியே.

1. சிலந்தி வலைபோல் மயிரிழை விரிசல்கள்: மேற்பரப்பு விரைவில் உலர்ந்ததால் வந்தவை. பெரும்பாலும் ஆபத்தில்லை.

2. தளத்தின் குறுக்கே ஓடும் ஒற்றை விரிசல், இருபுறமும் ஒரே மட்டம்: மேலே கணக்கிட்ட சுருக்கத்தால் வந்தது.

3. ஒரு பக்கம் தாழ்ந்த விரிசல்: அடிமண் இறங்கியிருக்கிறது. கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரக் கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கும். அங்கே இது சாதாரணம்.

விரிசல் இன்னும் வளர்கிறதா என்று அறிய, அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் நன்றாக ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால், அது 'உயிருள்ள' விரிசல். பிறகு சிறு சுத்தியலால் தளம் முழுவதும் மெல்லத் தட்டிப் பாருங்கள். 'கணீர்' என்றால் நலம். 'பொத்' என்றால் அந்த இடத்தில் மேற்பூச்சு விட்டுப்போயிருக்கிறது, அல்லது அடியில் வெற்றிடம் உள்ளது.

சிகிச்சை

உயிருள்ள விரிசலில் சிமெண்டை அடைப்பது வீண்; அசையும் மூட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டதுபோல் அதுவே உடையும். நீண்டு சுருங்கும் ரப்பர் போன்ற அடைப்புப் பசையே அதற்கு ஏற்றது. தாழ்ந்த பகுதியின் மேல் பூசி மறைப்பதும் பயனற்றது. அதைப் பெயர்த்தெடுத்து, 15 செ.மீ. அடுக்கடுக்காக மண் நிரப்பி, நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்து, மேலே புதுக் கான்கிரீட் போட வேண்டும்.

அசையாத விரிசலை உளியால் சற்று அகலப்படுத்தி, தூசி நீக்கிக் கழுவி, 1 பங்கு சிமெண்டு, 3 பங்கு மணல் கலந்த சாந்தை அழுத்தி நிரப்பலாம்.

தளம் முழுவதற்கும் புதிய மேற்பரப்பு போடுவதானால், வெற்றி தோல்வி பழைய பரப்பில்தான் இருக்கிறது. பாசி, எண்ணெய், தூசி இருந்தால் புதிய சாந்து ஒட்டாது. வழவழப்பான பரப்பை நெருக்கமாகக் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். முந்தைய இரவே நனைத்து ஊறவிட வேண்டும். இல்லையேல் பழைய கான்கிரீட் புதுச் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும். ஆனால் பூசும்போது மேலே நீர் நிற்கக் கூடாது. சிமெண்டுப் பாலைத் துடைப்பத்தால் தேய்த்து, அது உலருமுன் சாந்தைப் பரப்ப வேண்டும். கனம் இரண்டரை செ.மீ.க்குக் குறைய வேண்டாம். மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து முடிக்கலாம். நீர் வடிய 60-க்கு 1 என்ற வாட்டம் தேவை. பழைய தளத்தில் கோடு இருந்த இடத்துக்கு நேர் மேலே புதிய பூச்சிலும் கோடு கீறுங்கள்!

இனி ஈரம் காத்தல். கட்டடத் தொழிலாளர்கள் இதை 'க்யூரிங்' என்பார்கள். ஈரச் சாக்கு விரித்தோ, பாத்தி கட்டி நீர் தேக்கியோ குறைந்தது 7 நாள் ஈரம் காக்க வேண்டும். நம் கோடையில் 10 நாள். சாம்பல் கலந்த சிமெண்டானால் 14 நாள் நல்லது.

எச்சரிக்கை: ஈரச் சிமெண்டு கடுமையான காரம், தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. கையுறையும் கண்ணாடியும் இன்றி, பெரியவர் துணையின்றி இதில் இறங்காதீர்கள்.

செய்து பாருங்கள்

ஒரே சாந்தை எண்ணெய் தடவிய இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்களில் நிரப்புங்கள். மறுநாள் இரண்டையும் வெளியே எடுத்து, ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை நீருக்குள்ளும் 14 நாள் வையுங்கள். பிறகு நீரில் இருந்ததையும் ஒரு நாள் உலரவிட்டு, இரண்டையும் ஆணியால் ஒரே அழுத்தத்தில் கீறுங்கள். எதில் ஆழமாகப் பதிகிறது? ஏன்?

சிந்திக்க: 3 மீட்டர் நீளத் தளத்துக்கு 60-க்கு 1 வாட்டம் தர, ஒரு முனை எத்தனை செ.மீ. தாழ வேண்டும்?

(விடை: 5 செ.மீ.)