எதிர்ப்புச் சக்தி கூடிவிட்டதா, குறைந்துவிட்டதா?

கேள்வி: என் மகனுக்குப் பதினோரு வயது. பல மாதங்களாக வயிற்றுவலி, பேதி. எடை ஏறவில்லை, வகுப்பிலேயே அவன்தான் குள்ளம். கொலோனோஸ்கோபி செய்துவிட்டு ‘கிரோன்ஸ்’ நோய் என்றார்கள். அவனது எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்குகிறதாம். அதை அடக்க மருந்து தர வேண்டும் என்கிறார் டாக்டர். என் மாமியாரோ, “பிள்ளை துரும்பாக இளைத்திருக்கிறான், எதிர்ப்புச் சக்தி கூட்டுகிற லேகியம் கொடு” என்கிறார். உண்மையில் அவனுக்கு அது அதிகமா, குறைவா? அடக்கினால் வேறு நோய் தொற்றிக்கொள்ளாதா?
– வாசகி, நாமக்கல்

பதில்: அம்மா, உங்கள் மகனுக்குக் கெட்டிருப்பது எதிர்ப்புச் சக்தியின் அளவு அல்ல, அதன் ஒழுங்கு.

நம் குடலில் லட்சம் கோடிக்கணக்கில் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுக்கும் உடலுக்கும் நடுவே இருப்பது ஒரே ஓர் அடுக்குச் செல்கள். அதற்கு அடியில் இருக்கும் வெள்ளை அணுக்கள், உள்ளே நுழையும் கிருமியை உடனே அழிக்க வேண்டும். வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். கிரோன்ஸ் நோயில் இந்த இரண்டுமே தடுமாறலாம்.

இந்நோயோடு தொடர்புள்ளதாக 2001-இல் முதலில் கண்டறியப்பட்ட நாட்2 மரபணு, பாக்டீரியாவை உணர்ந்துகொள்ள உதவுவது. லண்டனில் அந்தோனி சீகல் குழுவினர், பெரியவர்களான நோயாளிகளின் தோலுக்கடியில் செத்த ஈ.கோலை பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார்கள். முதலில் ஓடிவர வேண்டிய நியூட்ரோஃபில் அணுக்கள் குறைவாகவே வந்தன. பாக்டீரியா அகலத் தாமதமானது. 2009-இல் இது வெளியானது. அப்படித் தேங்கும் மிச்சத்தைச் சுற்றி மற்ற அணுக்கள் குவிந்து, டி.என்.எஃப். போன்ற அழற்சிப் பொருள்களைக் கொட்டுவதால்தான் குடல் புண்ணாகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

அந்த அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து, வளர்ச்சி ஹார்மோன் வேலை செய்வதையும் தடுக்கின்றன. உங்கள் மகன் வளராததற்குச் சாப்பாட்டுக் குறைவு மட்டும் காரணமல்ல. பருவ வயது நெருங்குகிறது; அழற்சியை இப்போதே அடக்கினால் விட்டுப்போன உயரத்தைப் பிடிக்க வாய்ப்பு இருக்கிறது.

ஆறு வயதுக்கு முன்பே இந்நோய் வந்தால் கதை வேறு. சில குழந்தைகளுக்கு ஒரே ஒரு மரபணுப் பழுதுதான் காரணமாக இருக்கும். அழற்சியை நிறுத்தச் சொல்லும் இன்டர்லூக்கின்-10 சமிக்ஞையை அணுக்கள் ஏற்காத நிலை 2009-இல் கண்டறியப்பட்டது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை அதற்குக் கைகொடுக்கிறது. உங்கள் மகனுக்கு அத்தகைய மரபணுப் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. ஆனாலும் அடிக்கடி சீழ்க்கட்டி, நிமோனியா வந்திருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள். வெள்ளை அணுக்களின் செயல்பாட்டைச் சோதிக்க ரத்தப் பரிசோதனைகள் உள்ளன.

மருந்துக்கு வருவோம். குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம், மற்ற உணவை நிறுத்திவிட்டுத் திரவ ஊட்ட உணவு மட்டும் தரும் சிகிச்சை உண்டு. அது எதிர்ப்புச் சக்தியை அடக்காமலேயே குடலை ஆற்றும். அவனுக்கு அது பொருந்துமா என்று கேளுங்கள். இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசிகள் டி.என்.எஃப்.பைத் தடுப்பவை. தொற்று பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதற்கு முன்னெச்சரிக்கை உண்டு. குடல் காசநோய் பார்வைக்குக் கிரோன்ஸ் போலவே இருக்கும். அது இல்லை என்று உறுதிசெய்தார்களா என்று கேளுங்கள். மறைந்திருக்கும் காசநோய்க்கும் ஊசிக்கு முன் சோதனை தேவை. தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளை இந்த மருந்துகள் நடக்கும்போது போடக்கூடாது என்பதால், விடுபட்டவை எவை என்று இப்போதே அட்டையைக் காட்டுங்கள். சிகிச்சை நடக்கையில் காய்ச்சல் வந்தாலோ, சின்னம்மை கண்டவரோடு பழகியிருந்தாலோ அன்றே டாக்டரை அழையுங்கள்.

லேகியம் வேண்டாம். மாமியாரின் அக்கறை உண்மையானது, ஆனால் தடுமாறும் அணுக்களை ஒழுங்குபடுத்த லேகியத்தால் முடியாது. சேர்மானம் தெரியாத மருந்து ஈரலையும் கெடுக்கலாம். மலத்தில் கால்புரோடெக்டின் சோதனை செய்யச் சொல்லுங்கள். நியூட்ரோஃபில் அணுக்களில் இருக்கும் புரதம் அது. அதன் அளவு இறங்குவதையும், அவன் உயரமும் எடையும் ஏறுவதையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை மாமியாருக்கும் அந்தக் கணக்கே காட்டிக்கொடுக்கும்.