வளரிளம் பருவத்தில் உணவு மறுப்பும் மூளை வளர்ச்சியும்



உண்ணாநோன்பு நம் வாழ்வோடு இணைந்த அறமாகும். அதற்கு ஒரு நாளும், ஒரு நோக்கமும், முடிவில் பாரணையும் உண்டு. உடல் பருத்துவிடுமோ என்னும் அச்சத்தால் உணவை ஒதுக்கும் பிள்ளைக்கோ பாரணை நாளே வருவதில்லை. இதனை மருத்துவர் ‘அனோரெக்ஸியா நெர்வோசா’ என்பர். நோன்பு மனத்தை ஆளக் கற்பிக்கிறது. இந்நோயோ மனத்தை ஆட்கொண்டுவிடுகிறது.

இது மேலைநாட்டு நோய் எனக் கருதி நாம் வாளாவிருத்தல் ஆகாது. சென்னை மனநல மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து 1998 இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் உணவு, எடை பற்றிய மனத்துன்பம் உடையோராகக் காணப்பட்டனர். அது முற்றிய நோயன்று, எனினும் எச்சரிக்கையாகும்.

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் உடல் செலவிடும் ஆற்றலில் 20 விழுக்காட்டை அதுவே கொள்கிறது. அதன் வளர்ச்சி இருபது வயதைக் கடந்தும் தொடர்கிறது. அக்காலத்தில் உணவு குன்றின் மூளையின் புறணி மெலிகிறது. உள்ளே நீர் நிறைந்த அறைகள் விரிகின்றன.

வளரிளம் பருவத்தில் இந்நோயுற்ற 66 பெண்களைப் பல்லாண்டு கழித்துக் கனடா நாட்டு டொராண்டோவில் ஆராய்ந்து 2008 இல் முடிவை வெளியிட்டனர். எடை தேறாதோரிடம் அவ்வறைகள் பெரியனவாகவே இருந்தன. மாதவிடாய் நின்றிருந்தோர் நினைவாற்றல், வாசிப்பு, கணக்கு ஆகியவற்றில் பின்தங்கினர். எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. பல நாடுகளின் மூளைப் படங்களை ஒருங்கே ஆராய்ந்த 2022 ஆம் ஆண்டு ஆய்வில், எடை தேறத் தொடங்கியோரிடம் மெலிவு குறைந்தே காணப்பட்டது. ஆகவே காலந்தாழ்த்தாமையே முதல் மருந்து.

கீழ்க்கட்டளை போன்ற புறநகர்களில் பெற்றோர் இருவரும் பணிக்கு விரைகின்றனர். இரவுணவு துறந்த நம் இல்லங்களில், தனிப்பயிற்சி முடிந்து பொழுது சாய்ந்தபின் திரும்பும் பிள்ளை உண்ணாதது எவர் கண்ணிலும் படாது. மதிய உணவு மீண்டு வருதல், ஓயாது எடை பார்த்தல், மாதவிடாய் நிற்றல், தலைசுற்றல், உண்டதும் குளியலறை செல்லுதல், விரத நாள்களைத் தானே கூட்டிக்கொள்ளுதல் ஆகியன அறிகுறிகள்.

இவற்றைக் கண்டால் கடிந்துரையாதீர். உருவத்தைக் கேலி செய்யாதீர். நெடுநாள் உண்ணாத பிள்ளைக்குத் திடீரென மிகுதியாக ஊட்டுதலும் தீது. இரத்தத்தில் பாஸ்பேட் முதலிய உப்புகள் சரிந்து இதயம் பாதிக்கப்படலாம். மருத்துவர் வழிகாட்டலில் சிறிது சிறிதாகவே உணவைக் கூட்டல் வேண்டும். அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416.

தீர்த்தங்கர நாமகர்மத்திற்குரிய பதினாறு பாவனைகளுள் ஒன்று சக்திக்கேற்ற தவம். வளரும் பிள்ளையின் சக்தி எவ்வளவு என்பதை அளந்தறிதல் பெரியோராகிய நம் பொறுப்பாகும். நோயுற்ற பிள்ளைக்கு வேளை தவறாது உணவளித்து உடனமர்ந்து உண்பித்தலும் உயிர் ஓம்பும் அறமே.