மடிக்கணினி: பெயரை அல்ல, தொடரைப் பாருங்கள்

கண்டி, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை வியாபாரிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "எந்தக் கம்பனி லெப்டொப் நல்லது?" என்பதே.

2009இல் அமெரிக்க உத்தரவாத நிறுவனமான ஸ்கொயார்ட்ரேட் 30,000 மடிக்கணினிகளை ஆராய்ந்தது. மூன்று ஆண்டுக்குள் பழுதாவது அசுஸ், தொஷிபாவில் நூற்றுக்குச் சுமார் 16, எச்.பி.யில் சுமார் 26 என மதிப்பிட்டது. ஆனால் தொஷிபா 2020இல் இத்தொழிலை முற்றாகவே விட்டுவிட்டது. பழைய பெயர் இன்றைக்கு உதவாது.

மேலும், இவை கம்பனியின் சராசரிகள். ஒரே கம்பனியிலும் தொடருக்குத் தொடர் தரம் மாறும். எச்.பி.யின் எலைட்புக், லெனோவோவின் திங்க்பேட் ஆகியன அலுவலகப் பாவனைக்கென உறுதியாகச் செய்யப்படுபவை; 2025இல் பெயர் மாற்றப்படும் வரை டெல்லின் லெட்டிடியூட்டும் அப்படியே. மலிவான வீட்டுப் பாவனைத் தொடர்களில் மூடியின் பிணைச்சலை ஆட்டிப் பாருங்கள்.

உத்தரவாதம் யாருடையது, கண்டியிலேயே திருத்துவார்களா, பெட்டரி கிடைக்குமா என்றும் கேளுங்கள். கடன் கணக்கைத் தினமும் வேறிடத்தில் பிரதி எடுங்கள். உத்தரவாதம் இயந்திரத்துக்குத்தான், கணக்குக்கு அல்ல.